ருவன்வெல்லையில் ஒரு ப்ளேன்டி

ஞாயிறு இரவு. கேகாலை, புது அறை.

இல்லை, வெட்கம் இல்லை. சிங்களவர் நிறைந்த பஸ்ஸில் அம்மாவை மெதுவாகத் தமிழ் பேசச் சொன்னது வெறும் பழக்கம். அதன்பிறகு அவள் என் காதுக்குள்தான் பேசினாள். நாளை இங்கே எனக்கு வேலை தொடங்குகிறது. என்னைக் கொண்டுவந்து விடத்தான் கூட வந்தாள்.

ருவன்வெல்லையில் பஸ் மாற இறங்கியபோது மழை. வெள்ளைக்காரன் காலத்துச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் ஒதுங்கினோம். பளிங்கு மேசைகள். சுவர் முழுக்க ரசம் போன கண்ணாடிகள். அவற்றுக்குள் எல்லோரும் தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிடுவது போலிருந்தது. வெயிட்டரிடம் சிங்களத்தில் ப்ளேன்டி, பால் கலக்காத தேநீர், கேட்டேன். சீனி போடவா என்று அவரும் சிங்களத்தில் கேட்டார்.

"எனக்கு வேணாம்னு சொல்லு புள்ள," என்றாள் அம்மா, என் காதுக்குள்.

"அத நீங்களே சொல்லலாங்கம்மா," என்றார் அவர், தமிழில்.

"அட! ரெண்டு பேரும் தமிழ வச்சுக்கிட்டா இவ்வளவு நேரம் இந்தக் கூத்து?" என்றாள் அம்மா.

அம்மாவின் சிரிப்பு கடை முழுக்கக் கேட்டது. நான் சட்டென்று கண்ணாடிகளைப் பார்த்தேன். அந்தத் தண்ணீருக்குள் ஒருவரும் திரும்பவில்லை.

அடுத்த பஸ்ஸில் ஏறியதும் அம்மா மறுபடி மெதுவாகத்தான் பேசினாள்.

இந்நேரம் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பாள். பக்கத்து அறைகளில் விளக்கு எரிகிறது. போன் எடுத்தேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அம்மாவிடம் தமிழில் உரக்கப் பேசினேன்.