வாக்கரோடு கிளம்பிவிட்டேன்

என்னங்க, கட்டிலில் என்னைக் காணோமே என்று பதற வேண்டாம். தெருமுனை பிசியோதெரபி கிளினிக்குக்கு வாக்கரைப் பிடித்தபடி நானே நடந்து போகிறேன்.

நேற்று அந்த பிசியோ பெண் வீடு தேடி வந்தாள். "அவ அசந்து தூங்குறாம்மா, இன்னிக்கு வேணாம்" என்று வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டீர்கள். நான் கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டுதான் இருந்தேன்! இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து ஆறு வாரமாகிறது. தண்ணீர் டம்ளரைக்கூட எடுக்க விடாமல் பொத்திப் பொத்தி வைத்தால் கால் எப்படி ஊன்றும்? "படுத்தே கெடந்தா காலு வலுவே போயிடும்மா, அப்புறம் மறுபடி விழுவீங்க" என்று போன தடவை வந்தபோதே அவள் தலைபாடாக அடித்துக்கொண்டாள். உங்கள் காதில் ஏறினால்தானே!

டீ பிளாஸ்கில் இருக்கிறது. நின்று நானே போட்டது.

பி.கு: குளியலறையில் நீங்கள் பதித்த கைப்பிடி நல்ல கெட்டி. அதைப் பிடித்துத்தான், உங்களுக்குத் தெரியாமல், தினமும் பத்துத் தடவை உட்கார்ந்து எழுந்து பழகினேன்.

இன்னொன்று: ஐந்து மணிக்கு கிளினிக்குக்கு வாருங்கள். எதிர்ப்பக்கப் பூங்கா வரைக்கும் நடந்துவிட்டு வரலாம். கூட வந்தால் போதும், தாங்க வேண்டாம். ரோட்டைத் தாண்டும்போது மட்டும் என் முழங்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.