ஏரிக்குள் போன சிவப்புக் கோடு

என்னங்க,

சாப்பாட்டை மேசையில் மூடி வைத்திருக்கிறேன். சொட்டு மருந்து தட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

கார் சாவியைத் தேடாதீர்கள், நான் கையோடு கொண்டுபோகும் பையில் இருக்கிறது. என் தம்பி அதை என்னிடம் வாங்கிக்கொண்டு, பதினொரு மணிக்கு வந்து காரை எடுத்துப் போவான். அவன்மேல் எரிந்து விழாதீர்கள். வரச் சொன்னது நான்தான்.

"இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டினவன்கிட்டயே சாவிய ஒளிக்கிறியா?" என்று நேற்றுக் கத்தினீர்கள். அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன். நம் பயணத்துக்காக மேப்பில் நீங்கள் போட்ட சிவப்புக் கோட்டைப் பார்த்தேன். மூன்றாவது ஊரைத் தாண்டியதும் ரோடு வளைகிறது. உங்கள் கோடு வளையாமல் நேராக ஏரிக்குள் போகிறது. பக்கத்து சீட்டில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

கண் டாக்டருக்குப் போன் போட்டேன். இனி வண்டியே தொடக்கூடாது என்று மூன்று மாதத்துக்கு முன்பே உங்களிடம் சொல்லிவிட்டாராம்.

"ஒரு நாளைக்கு நாப்பது கிலோமீட்டர் போதும், சின்னச் சின்ன ஊரா நிதானமா பாத்துட்டுப் போலாம்" என்றீர்களே, இத்தனை வருடம் கழித்து மனுஷனுக்கு என்மேல் ஆசை வந்துவிட்டது என்று பூரித்துப் போனேன். அது கண்ணுக்காகப் போட்ட கணக்கு என்று தெரியாத பைத்தியக்காரி.

பஸ்ஸில் போகலாம் என்று நான் கேட்கப்போவதில்லை. அடுத்தவர் ஓட்டினால் உங்களுக்கு இருப்புக் கொள்ளாது.

பெட்டியைப் பிரித்துத் துணியெல்லாம் அலமாரியில் அடுக்கிவிட்டேன். மேப்பை மட்டும் மடிக்க மனசு வரவில்லை.

இன்னொன்று: எழுத்தைப் பெரிதாகத்தான் போட்டிருக்கிறேன். படிக்க முடியவில்லை என்றால் தம்பியிடம் நீட்டாதீர்கள். ஐந்து மணிக்கு வந்து நானே வாசித்துக் காட்டுகிறேன்.