சிப்பி கட்டிய கரை

அன்புள்ள அண்ணா,

பருவநிலை மாற்றத்துக்குத் தீர்வு தேடும் எம்.எஸ்ஸி.யில் நான் சேர்ந்தபோது, "கடல் எடுத்தது எடுத்ததுதான். அதுக்கு ஒரு படிப்பா?" என்றாய். அதன்பிறகு நீ டாக்காவிலிருந்து பேசவேயில்லை.

நேற்றுக் களப்பணிக்கு நம் குதுப்தியா தீவுக்குப் போனோம். மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் துறையினர் கடலில் இறக்கிய சிமெண்ட் வளையங்களைச் சிப்பிகள் மூடிவிட்டன. அலை அதில் மோதித் தளர்ந்துபோகிறது. பின்னால் வண்டல் படிந்து, புல்லே முளைத்திருக்கிறது!

படகிலேயே நின்றேன். படகோட்டி சோப்ஹான் சிரித்தார்.

"என்னம்மா, படிச்ச பொண்ணு, கால் வைக்கப் பயமா? செருப்பக் கழட்டிட்டு இறங்கு. பச்சை மண்ணு."

கணுக்கால்வரை புதைந்தேன். அதற்குமேல் மண் தாங்கியது. போன வருஷம் அங்கே படகு ஓடியதாம்.

அடுத்த வளையங்களை நம் வீடு இருந்த இடத்தில் இறக்கத் துறையில் சம்மதித்திருக்கிறார்கள். அது எந்த இடம் என்று நீதான் வந்து காட்ட வேண்டும். கடல் அதை எடுத்தபோது எனக்கு நாலு வயசு.

உன் தங்கை