நான் அழித்த குரல்

புதன்கிழமை.

என் ஆங்கில வகுப்புப் பிள்ளைகள் பேசிப் பழக ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் வாயே திறக்காத சாந்தினி, இன்று கலஹா ஊருக்குப் போகும் பஸ்ஸிலிருந்து முதல்முறையாகப் பேசி அனுப்பினாள். பஸ் இரைச்சலுக்குள் நாலே வாக்கியம். நான் கேட்டு முடிப்பதற்குள் அதன்மேல் சிரிப்பு ரியாக்‌ஷன்கள் விழுந்துவிட்டன. அவற்றை மட்டும் நீக்க அட்மினான எனக்கும் வழியில்லை. அவள் பார்த்துவிடக் கூடாதே என்ற பதற்றத்தில் அவள் குரலையே அழித்துவிட்டேன். அழித்தது நான் என்று குழுவில் என் பெயர் நிற்கிறது.

இப்போது தனியாக எழுதியிருக்கிறாள்: "நான் அவ்ளோ மோசமாவா பேசினேன் மிஸ்?"

ஏன் அழித்தேன் என்று சொன்னால், மற்றவர்கள் சிரித்ததையும் சொல்ல வேண்டும். நான் படித்துவிட்டேன் என்ற நீலக் குறி மட்டும் அவளுக்குப் போயிருக்கும்.