கரையேறிய பொம்மைப் படகு

பழவேற்காடு
8.11.1988

அன்புள்ள லோகாவுக்கு நைனா எழுதுவது.

இங்கே எல்லாம் நலம், என் புத்தியைத் தவிர. நேற்று ரேடியோவில் புயல் என்றார்கள். ஊரே படகுகளைக் கரையேற்றியது. கூரை தாங்குமா என்று பார்க்க, நீ பொம்மைப் படம் எடுக்கும் பழைய மீன் ஐஸ் கொட்டகையைத் திறந்தேன். மேசை மேல் நீ செய்த ஏரியில், டச்சுத் துரைப் பொம்மை படகோடு நடுத்தண்ணியில் நிற்கிறார். "இன்னா துரை, ஊரே கரையேறிச்சு, நீ மட்டும் ஜாலியா நிக்கிற?" என்றேன். கை சும்மா இருக்குமா? படகை இழுத்துக் கரையில் போட்டுக் கயிறும் கட்டிவிட்டேன். கட்டிய பிறகுதான் அது கண்ணாடித்தாள் ஏரி என்று உறைத்தது. ஆறாங்கிளாஸ் தாண்டாத மூளை!

திரும்பவும் பழைய இடத்திலேயே கண்ணளவாய் வைத்துவிட்டேன். ஒன்றும் கெட்டுப்போகலையே?

உன் நைனா
தருமலிங்கம்


சென்னை
10.11.1988

நைனா,

கெட்டுத்தான் போச்சு. பொம்மையை நூலிழை நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி ஒரு படம். இப்படி முந்நூற்றுப் பன்னிரண்டு எடுத்த பிறகு, ஃபிலிம் தீர்ந்துதான் சென்னைக்கு வந்தேன். எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால்தான் துரை புயலில் தத்தளிப்பார். படகு ஒரு விரல் தள்ளி இருந்தாலும் திரையில் துள்ளிக் குதிக்கும். முதலிலிருந்து எடுக்க நாள் இல்லை. முப்பதாம் தேதி சிறுவர் பட அலுவலகத்தில் போட்டுக் காட்டணும். புயல் காட்சி இல்லாவிட்டால் படத்தையே நிறுத்திவிடுவார்கள். மூணு வருஷ உழைப்பு, நைனா.

படகை மட்டும்தான் தொட்டாயா? உண்மையைச் சொல். இனி கொட்டகைக்குள் காலே வைக்காதே.

லோகா


பழவேற்காடு
12.11.1988

லோகாம்மா,

போன கடிதத்தில் ஒன்றைச் சொல்லாமல் விழுங்கிவிட்டேன். இழுத்தபோது துரையின் மணிக்கட்டு ஒடிந்து உள்ளே கம்பி தெரிந்தது. சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினேன். இப்போது எறும்பு வரிசையில் நிற்கிறது. போலீஸ்காரனுக்குப் பயப்படாதவன் உனக்குப் பயந்து எழுதாமல் விட்டேன்.

சாவியை உன் அத்தை வேலம்மாவிடம் கொடுத்துவிட்டேன். "இன்னாண்ணா, பொம்மைப் படகுக்கா நங்கூரம் போட்ட?"னு தெருவுக்கே கேட்கச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். நீ திட்டியாவது நாலு வரி போடு.

நைனா


சென்னை
16.11.1988

நைனா,

திங்கட்கிழமை ஊருக்கு வந்தேன். நான் வருவது தெரிந்து நீ ஏரிக்கு அக்கரையில் பசியாவரத்துக்கு ஓடிவிட்டதாக அத்தை சொன்னாள்.

மணிக்கட்டைச் சரிசெய்துவிட்டேன். படகுதான் எங்கே வைத்தாலும் பழைய இடம் பிடிபடவில்லை. ஒரே வழி இருக்கிறது. தத்தளிக்கும் படகை ஒரு பெரிய மனுஷக் கை வந்து பிடிக்கணும். அந்தக் கை மறைத்தால் படகு குதிப்பது தெரியாது. பிறகு அதுவே கரைக்கு இழுக்கட்டும். கை உன்னுடையது.

ஒரு சாண் இழுக்க ஒரு பகல் ஆகும். சொன்னால் நகர்த்தணும், நிறுத்து என்றால் கல்லாய் நிற்கணும். கிடைத்த ஃபிலிம் ஒரே தடவைக்குத்தான் வரும். செவ்வாய்க்கிழமை வருகிறேன். கோபம் தீரவில்லை, இது வேலைக்காக.

லோகா


பழவேற்காடு
18.11.1988

லோகாம்மா,

வேறு கையைப் பார். மீன் படவில்லை என்று சொல்லிக் கடலுக்குப் போவதை விட்டேனே, அந்தக் காரணம் பொய். ஆறு மாசமாய் வலது கை நடுங்குகிறது. துரையை ஒடித்ததும் அந்த நடுக்கம்தான். நேரில் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாய் என்றுதான் பசியாவரத்துக்கு ஓடினேன். என் எழுத்து எப்போதுமே நண்டு நடந்த மாதிரி இருப்பதால் கடிதத்தில் தப்பித்தேன்.

இந்தக் கை கல்லாய் நிற்காது. உன் படம் இன்னொரு தடவையும் என்னால் கெட வேண்டாம். வேலம்மா கை நல்ல பெரிசு. வளையலை மட்டும் கழற்றச் சொல்.

நைனா


சென்னை
19.11.1988

நைனா,

புதன் காலையில் உன்னைப் பொன்னேரி டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். அத்தைக்கும் எழுதிவிட்டேன், ஓட முடியாது.

செவ்வாய்க்கிழமை நீதான் இழுக்கிறாய். கை நடுங்கினால் நடுங்கட்டும் நைனா. படத்தில் புயல்தானே அடிக்குது.

லோகா