இரண்டு வாளித் தண்ணீர் பற்றி நான் சொன்னதைத் திருத்தக் கோரி

அனுப்புநர்:
ஓட்டுநர் எண் 417-இன் தாயார்,
மருந்துக் கடைக்கு மேல், இரண்டாவது மாடி,
பேருந்துப் பணிமனைக்குப் பின்தெரு.

பெறுநர்:
கோட்ட மேலாளர் அவர்கள்,
நகரப் பேருந்துக் கோட்ட அலுவலகம்.

பொருள்: டெங்குக் காய்ச்சல் விட்டும் உடம்பு தேறாத என் மகளை வருகிற திங்கட்கிழமை முதல் பேருந்து ஓட்டச் சொல்லும் உத்தரவை நிறுத்தவும், அதற்குக் காரணமான என் வாக்குமூலத்தை நீக்கவும் வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். இதை நானேதான் எழுதுகிறேன். கல்லூரியில் படிக்கும் என் பேத்தி, "பாட்டி, நீ எழுதினா அது மனுவா இருக்காது, சண்டையா இருக்கும்" என்றாள். அப்படியெல்லாம் இல்லை என்று காட்டவே பேனாவை எடுத்தேன். எங்காவது சண்டை போலத் தெரிந்தால் தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2. என் மகள் பதினொரு வருடமாகத் தங்கள் கோட்டத்தில் பஸ் ஓட்டுகிறாள். இதுவரை ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. மூன்று மாதத்துக்கு முன் டெங்கு வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிளேட்லெட் ஏறிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். சீட்டில் "பூரண குணம்" என்று போட்டிருக்கிறது.

3. காய்ச்சல் மட்டும்தான் போனது ஐயா. கூட வந்ததெல்லாம் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. காலையில் அவளுடைய இடது முட்டி வீங்கி மடங்க மறுக்கிறது. தலை வாரினால் முடி கொத்தாக வருகிறது. ஜன்னலில் நின்று பணிமனைக்குள் போகிற பஸ்களின் நம்பரைப் படித்துப் பார்க்கிறாள். நாலைந்து படித்ததும் எழுத்து கலங்குகிறது என்று கண்ணை மூடிக்கொள்கிறாள். போன வாரம் மாத்திரை வாங்கக் கீழே இறங்கியவளை வெகுநேரம் காணவில்லை. போய்ப் பார்த்தால் மாடிப்படி நடுவில் நிற்கிறாள். "அம்மா, நான் இறங்கிட்டிருந்தேனா, ஏறிட்டிருந்தேனா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நான் அவள் கையைப் பிடித்து மேலே கூட்டி வந்தேன்.

4. லீவு தீர்ந்தது, சம்பளம் பாதியாகி, பிறகு நின்றே போயிற்று. பேத்தி டைப்பிங் வகுப்பை நிறுத்திவிட்டாள். நான் கீழே உள்ள மருந்துக் கடைக்குக் காகிதக் கவர் ஒட்டிக் கொடுக்கிறேன். நான் ஒட்டிய கவரிலேயே எங்கள் மாத்திரை மாடியேறி வருகிறது. கடைக்காரர், "ஒட்டறதும் நீங்க, வாங்கறதும் நீங்க, எனக்கு வேற கஸ்டமரே வேண்டாம்மா" என்கிறார். நல்ல மனிதர், வேடிக்கைக்குத்தான் சொல்கிறார்.

5. இனி என் தவறைச் சொல்கிறேன். லீவில் இருப்பவர்கள் நிஜமாகவே நோயாளிகள்தானா என்று பார்க்கத் தங்கள் அலுவலக எழுத்தர் போன மாதம் வந்தார். என் மகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். அதற்கு முதல் நாள்தான் எதிர்வீட்டு அம்மாள், "இன்னுமா காய்ச்சல்? நல்லா ஓய்வெடுக்கட்டும்" என்று ஒரு மாதிரி இழுத்துச் சொல்லியிருந்தாள். அது எனக்கு உள்ளே அறுத்துக்கொண்டிருந்தது. வாசலில் இரண்டு வாளித் தண்ணீர் தளும்ப நின்றது. எங்கள் மாடிக்குக் குழாய்த் தண்ணீர் ஏறாது, கீழிருந்துதான் சுமக்க வேண்டும். "யாரும்மா தூக்கிட்டு வந்தது?" என்று கேட்டார். "என் பொண்ணுதான். இரும்பு மாதிரி இருக்கா, என்ன நினைச்சீங்க!" என்று சொல்லிவிட்டேன். முடியாதவள் என்று சொன்னால் வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள் என்ற பயமும் எனக்கு இருந்தது, ஐயா.

6. அவர் ஏதோ எழுதிவிட்டு, பையிலிருந்து மை டப்பாவை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். என் பெருவிரலைப் பார்த்தார். என்னிடம் யாரும் மை டப்பா நீட்டியதில்லை. அவர் சட்டைப் பையில் இருந்த பேனாவை நானே உருவி, முழுப் பெயரையும் எழுதி, அடியில் கோடும் இழுத்துக் கொடுத்தேன். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வரி படிக்கவில்லை. "அழகான கையெழுத்தும்மா" என்றார். அன்று முழுவதும் எனக்கு அந்தப் பெருமைதான்.

7. உத்தரவு வந்த பிறகுதான் என்ன எழுதியிருந்தது என்று தெரிந்தது. "பணியாளர் நல்ல உடல்நலத்துடன் உள்ளார், பாரம் தூக்குகிறார் என அவரது தாயார் கையொப்பமிட்டுள்ளார்." திங்கட்கிழமை வராவிட்டால் வேண்டுமென்றே வராதவராகக் கருதி நீக்கப்படுவார் என்றும் இருக்கிறது. என் மகள் அதைப் படித்துவிட்டு என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "சரிம்மா, போறேன்" என்றாள். அன்றிலிருந்து கட்டிலில் உட்கார்ந்து, சுவரோடு ஒரு தலையணையை வைத்து, இடது காலால் கிளட்ச் மிதித்துப் பழகுகிறாள். இருபது மிதிக்கு முட்டி நின்றுவிடுகிறது. ஒரு நடைக்கு முந்நூறு மிதியாவது வேண்டும் என்று அவளே சொல்கிறாள். அவள் திட்டியிருந்தால் நான் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பேன். இப்போது அடுப்படிக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன். அவளுக்குப் பின்னால் அறுபது பேர் உட்காருவார்கள் ஐயா. அவர்கள் வீட்டிலும் யாராவது ஜன்னலில் நிற்பார்கள்.

8. உண்மை இதுதான். அந்த இரண்டு வாளியையும் தூக்கி வந்தது நான். வயது அறுபத்தெட்டு. ஒவ்வொரு வளைவிலும் இறக்கி வைத்துத்தான் ஏறினேன். சந்தேகம் இருந்தால் எழுத்தரைக் காலை ஆறு மணிக்கு அனுப்புங்கள், தண்ணீர் வரும் நேரம் அது. விருப்பமிருந்தால் ஒரு வாளியை அவரும் தூக்கலாம்.

9. ஆகவே, என் வாக்குமூலத்தை நீக்கி, திங்கட்கிழமைக்கு முன் உத்தரவை நிறுத்தி வையுங்கள். ரத்தத்தை மட்டும் பார்க்காமல் முட்டியையும் கண்ணையும் பார்க்கிற டாக்டரிடம் அவளை அனுப்புங்கள். தேறும்வரை நேரக் காப்பாளர் அறையில் உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்தால், அவள் ஒரு நாள்கூடத் தவறாமல் வருவாள். பொய் சொன்னதற்குத் தண்டனை உண்டு என்றால், சொன்னவள் நான். எனக்குக் கொடுங்கள்.

கீழே இருப்பது அதே கையெழுத்து. அந்தத் தாளோடு வைத்துப் பாருங்கள், அடிக்கோடுகூட மாறியிருக்காது. இந்தத் தாளை மட்டும் இரண்டு தடவை படித்த பிறகே கையெழுத்திட்டேன்.

இடம்: பணிமனைப் பின்தெரு
நாள்: வியாழக்கிழமை, 12-ஆம் தேதி

இப்படிக்கு,
(கையொப்பம்)
ஓட்டுநர் எண் 417-இன் தாயார்

இணைப்பு: உத்தரவின் நகல், ஆஸ்பத்திரிச் சீட்டு.