கையெழுத்து போடக்கூடாத பொருளாளர்

மார்ச் 4
கடல்மீட்புச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். என்னைப் பொருளாளராக்கிவிட்டார்கள். இத்தனை வருஷம் வயர்லெஸ் அறையில் உட்கார்ந்ததற்குப் பரிசு போலும். எல்லோரும் நிறுத்திய பிறகும் கோலின் கைதட்டிக்கொண்டிருந்தான். கணவனாயிற்றே.

மார்ச் 12
கணக்காளர் பிரையனியிடம் போனேன். சம்பாதிப்பது இங்கே ஆஸ்திரேலியாவில், வரி கட்டுவதும் இங்கேதான். ஆனாலும் மொன்டானாவில் பிறந்த பாவத்துக்கு வருஷாவருஷம் அமெரிக்காவுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். பேச்சுவாக்கில் பொருளாளர் ஆனதைச் சொன்னேன்.

"செக்குல நீ கையெழுத்து போடுவியா டெலா? அப்ப சங்கத்துக் கணக்கையும் அவங்களுக்குச் சொல்லணும்."

அந்தப் பணம் என்னுடையதா என்ன?

"யாருதுன்னு அவங்க கேக்கல. கையெழுத்து யாருதுன்னுதான் கேக்கறாங்க."

மார்ச் 19
கமிட்டியில் சொன்னேன். படகு ஓட்டும் மெர்வ்தான் முதலில் வாயைத் திறந்தான். "சங்க நிதிக்குன்னு நம்ம சாசேஜ் சுட்டு வித்த காச வாஷிங்டன்காரன் எதுக்கும்மா பாக்கணும்? அவனுக்கும் ரெண்டு பொட்டலம் கட்டி அனுப்பிடலாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. முடிவு: கணக்கை நான் எழுதலாம், கையெழுத்தைக் கோலின் போடுவான்.

வீட்டு வாசலில் கோலின், "உன்ன நம்பாம இல்ல, டெலா" என்றான்.

தெரியும்யா. அதுதான் எரியுது. நான் வேணும், என் கை மட்டும் வேண்டாமா?

ஏப்ரல் 2
அமெரிக்கக் குடியுரிமையை விட்டுவிட்டால்? ஆஸ்திரேலியக் குடியுரிமை எப்போதோ வாங்கியாயிற்று. அங்கே எனக்கு இனி என்ன இருக்கிறது —

அப்பா இருக்கிறார்.

ஏப்ரல் 6
அப்பாவிடம் போனில் சொல்லிவிட்டேன். அவர் நாய் குரைப்பது மட்டும் கேட்டது.

"கோவத்துல பண்றியா கண்ணு?"

"இல்லப்பா."

"அப்ப சரி. கோவத்துல மட்டும் வேண்டாம்."

இல்லை என்றது பொய். கோபம் அடங்கட்டும், அதுவரை எதுவும் செய்யப் போவதில்லை.

ஜூன் 15
மெர்வ் ஒரு வாளி நண்டோடு வந்து நின்றான். "இன்னும் மூஞ்சத் தூக்கி வச்சிருக்கியா?" இரவு எல்லோருமாகச் சாப்பிட்டோம். எனக்குள் தேடிப் பார்த்தேன், கோபம் இல்லை. முடிவு மட்டும் அப்படியே இருக்கிறது. தூதரகத்துக்கு எழுதிப் போட்டேன்.

நவம்பர் 8
பெர்த். "யாராச்சும் வற்புறுத்தினாங்களா?" என்று தூதரக அதிகாரி கேட்டார். இல்லை. வலது கையைத் தூக்கி, குடியுரிமையைத் துறக்கும் உறுதிமொழியை வாசித்தேன். வெளியே வந்ததும் கோலின் மீனும் சிப்ஸும் வாங்கினான். இரண்டு பேருமே சாப்பிடவில்லை.

நவம்பர் 9
நாள் முழுக்கத் தோட்டத்தில் களை பிடுங்கினேன்.

மறு வருடம், மே 21
மொன்டானா, அப்பா வீடு. லாஸ் ஏஞ்சல்ஸில் விமானம் இறங்கியதும் பழக்கத்தில் குடிமக்கள் வரிசையில் போய் நின்றுவிட்டேன். ஒரு பெண் தோளைத் தொட்டு வெளிநாட்டவர் வரிசைக்கு அனுப்பினாள். எதற்காக வந்தீர்கள் என்று கேட்டார்கள். அப்பாவைப் பார்க்க என்றேன்.

மிசூலா விமான நிலையத்தில் அப்பா இளைத்துப்போய் நின்றிருந்தார். குடியுரிமைப் பேச்சே எடுக்கவில்லை. டிரக் சாவியை என் கையில் போட்டு, "நீயே ஓட்டு கண்ணு, எனக்கு இப்ப கண்ணு சரியாத் தெரியல" என்றார்.

ஆஸ்திரேலியப் பழக்கத்தில் வலது பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன். என் முன்னால் ஸ்டியரிங் இல்லை.

நான் இறங்கிச் சுற்றி வரும்வரை, அப்பா இடது பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.